அம்மாவுக்குப் பழக்கமில்லாத மிஷின்

அம்மா இறந்த பிறகு ஈப்போ சிலிபினில் இருந்த எங்கள் வீட்டில் விடியற்காலையில் கோப்பி வாசம் வந்துகொண்டிருந்தது. அடுப்பு எரியாது, சமையலறையில் ஆள் இருக்காது, பக்கத்து வீட்டுச் சன்னலும் சாத்தியே இருக்கும். ஆனாலும் அந்த வாசம் கொல்லைக்கதவுப் பக்கம் கிளம்பி, கூடத்தைக் கடந்து, என் தலைமாட்டுக்கு வந்து நிற்கும். நான் பயந்தாங்கொள்ளி. போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு வெளிச்சம் வருகிறவரை கண்ணைத் திறக்காமல் கிடப்பேன். என் கணவர் லாரி ஓட்டுகிறவர். கமுந்திங் தொழிற்பேட்டையில் சரக்கு ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போவார், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இருக்கிற நாளில் உலுக்கி எழுப்பினால், "ஒண்ணும் வரல லா, படு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அப்பாவுக்கும் அந்த வாசம் வரவில்லை. சிக்கலே அதுதான். அவர் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார், கொல்லைக்கதவுக்கு என்னைவிடப் பக்கத்தில். ஆயுசு முழுக்க இருட்டோடு எழுந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போன மனிதர். பெரட்டுக்கு ஓடி வரிசையில் நின்று பேர் கொடுப்பதற்கு முன்னால், அம்மா கையால் ஓர் எனாமல் கோப்பை நிறையக் கோப்பி குடிக்காமல் அவர் லயத்து வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. தோட்டம் கைமாறி, கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட ஆரம்பித்தபோது, இரண்டு பேரையும் நான்தான் வற்புறுத்தி ஈப்போவுக்கு அழைத்து வந்தேன். வந்த சில வருடங்களில் அம்மா போய்விட்டாள், வீட்டின் பின்பக்கத்துச் சின்ன அறையில், தன் தையல் மேசைக்குப் பக்கத்தில் படுத்தபடியே.

வாசம் வருகிறது என்று ஒருநாள் அப்பாவிடம் சொல்லியே விட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவ இங்க இருந்தா எனக்கு வாசம் வராதா பாப்பா? என்னை இங்கேயே புடிச்சி வைக்கப் பாக்குற. ஒங்கம்மா தோட்டத்துக்குப் போயிட்டா. நானும் போலாம்னு இருக்கேன்."

தோட்டத்தில் என்ன இருந்தது? கூரை பெயர்ந்த லயங்கள், கரண்டு வெட்டப்பட்ட கம்பங்கள், காலி செய்யச் சொல்லியும் கேட்காமல் குடியிருந்த அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர். அவ்வளவுதான். அப்பாவுக்கு மூச்சிரைப்பு. மழைக்காலத்தில் உட்கார்ந்தபடிதான் தூங்குவார். அவரை அங்கே விட்டால் அடுத்து எனக்கு என்ன செய்தி வரும் என்று தெரியும். அம்மாவைப் பறிகொடுத்த வருடத்திலேயே இவரையும் கொடுக்க எனக்கு மனசில்லை. திதி வரைக்குமாவது இருங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "பாப்போம்" என்றார். அவருடைய துணிப்பை மட்டும் கட்டியது கட்டியபடி சுவரோரம் இருந்தது. தினமும் வேலைக்குப் போகுமுன் அந்தப் பையைப் பார்ப்பேன், ஜெலாப்பாங் ஃபேக்டரியிலிருந்து திரும்பியதும் முதலில் அதைத்தான் தேடுவேன்.

இதற்கெல்லாம் ஆரம்பம் அத்தை செய்த வேலை. அப்பாவின் தங்கச்சி. சடங்கு சம்பிரதாயம் என்றால் ஐயரையே ஓரங்கட்டிவிட்டு முன்னால் நிற்பவள். அம்மா கோப்பி வடிகட்டும் துணிப்பையைத் தானே தைத்து வைத்திருந்தாள், தன்னுடைய பழைய வெள்ளை உள்பாவாடையைக் கிழித்து. கோப்பிக் கறை ஏறி ஏறி அது மரப்பட்டை நிறத்துக்கு வந்திருந்தது. கருமாதியன்று இறந்தவர் கட்டிய துணிகளை மூட்டை கட்டி ஆற்றில் விட வேண்டுமல்லவா? அத்தை வீடு முழுக்கத் துழாவினாள். சமையலறை ஆணியில் தொங்கிய கோப்பித் துணியை எடுத்துப் பார்த்தாள், ஓரத்துத் தையலைத் தடவினாள், "இதும் அண்ணி கட்டின துணிதானே" என்று மூட்டைக்குள் திணித்துவிட்டாள். எனக்குத் தெரிந்தபோது மூட்டை கிந்தா ஆற்றில் போய்க்கொண்டிருந்தது.

"கோப்பித் துணியையுமா அத்தை?" என்று கத்தினேன்.

"வச்சிருந்தா அவ ஆத்மா அடுப்படியையே சுத்திக்கிட்டு இருக்கும் பாப்பா. நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றாள். அன்றைக்கு அவளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மறுநாள் புதுத் துணி வாங்கிக் கோப்பி போட்டேன். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "கை மாறிப்போச்சு" என்றார். அத்தை போட்டாள், அதற்கும் அதே பேச்சு. கணவர் கடையிலிருந்து வாங்கி வந்தார். அது யார் கை என்றே தெரியாத கோப்பி, அதைத் தொடவே இல்லை. வெறும் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். எனக்கு ஆத்திரமும் வரும், அழுகையும் வரும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மா கை இனி வராது. வேறு யார் கையும் அவருக்கு ஆகாது. அப்படியானால் யார் கையுமே படாத கோப்பி இருந்தால்?

ஈய விலை விழுந்து, சுரங்கத்து வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஈப்போ டவுனில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே, அவர்கள் சொல்லித் தருவித்துவிட்டு வாங்காமல் போன பொருள்களைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார். அவற்றில் கோப்பி மிஷின்களும் இருந்தன. தவுக்கே தோட்டத்துக் கடை ஒன்றில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். அவரோ தன் எனாமல் கோப்பையைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது.

முதலில் கண்ணாடி ஜாடி வைத்த ஒரு மிஷினைக் காட்டினார் தவுக்கே. மேலே காகிதம் விரித்துத் தூளைப் போட வேண்டும், தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

"தூளு யாரு போடுறது?" என்றார் அப்பா.

"வீட்டுல யாராச்சும் போடலாம் அண்ணே."

"அப்ப கை படுதுல்ல. அடுத்தது."

அடுத்தது எஸ்பிரஸ்ஸோ மிஷின். நீளக் கைப்பிடி, அதன் நுனியில் கிண்ணம் மாதிரி ஒன்று. அதில் தூளை நிரப்பி, அமுக்கி, திருகி மாட்ட வேண்டும். எவ்வளவு அமுக்குகிறோமோ அதற்குத் தகுந்தபடி ருசி மாறும் என்று பெருமையாகச் சொன்னார் தவுக்கே. அப்பா தலையை ஆட்டினார். "இதுல முழுக்க முழுக்கக் கைதான்" என்றார். தவுக்கேவுக்குப் புரியவில்லை. சாமான் வாங்க வந்தவர்கள் விலை கேட்பார்கள், கியாரண்டி கேட்பார்கள், கை படுமா என்று கேட்டு அவர் பார்த்ததில்லை.

மூன்றாவதுக்காக அவர் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. பெரிய கறுப்புப் பெட்டி. இறக்கி மேசையில் வைத்தபோது மேசை முனகியது.

"இது இத்தாலி பாராங் லா, அசல் சாமான். மேல கொட்டை போடு, பின்னால தண்ணி ஊத்து, பட்டன் அமுக்கு. அரைக்கிறது, அமுக்கிறது, எறக்குறது எல்லாம் உள்ளயே. பாலுக்கும் குழாய் இருக்கு. நீ சும்மா நிக்கலாம். ஹாபிஸ், அவ்வளவுதான்!"

"நடுவுல யாரும் தொட வேண்டாமா?"

"தொட்டா சுட்டுடும் அண்ணே."

அப்பா பெட்டியைச் சுற்றி வந்தார். துணியைப் பிரித்துத் தன் கோப்பையை எடுத்து அதன் மூக்கடியில் வைத்தார். கோப்பை உயரம், உள்ளே போகவில்லை. "என் கோப்பையில புடிக்க முடியாதது என்னா மிஷின்" என்று அவர் திரும்புவதற்குள் தவுக்கே அடித்தட்டை உருவி எடுத்துவிட்டார். கோப்பை நின்றது. அப்பா குனிந்து, மூக்குக்கும் கோப்பைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை விரல் விட்டுப் பார்த்தார்.

"பட்டன் அமுக்குறது?" என்று கடைசியாக ஒரு சந்தேகம்.

"நீங்கதாம்பா. ஒங்க கோப்பி, ஒங்க கை" என்றேன்.

விலையைக் கேட்டபோது காதைப் பொத்திக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்த வருடம் வாங்கியிருக்க வேண்டிய துணி துவைக்கும் மிஷினை மனசுக்குள்ளேயே கைகழுவிவிட்டுச் சரி என்றேன். பெட்டியைக் கட்டும்போது தவுக்கே விரலை உயர்த்தி எச்சரித்தார். "ஒண்ணு மட்டும். குலா ஜாங்கான் லா. கொட்டையில சீனி இருக்கக் கூடாது. உள்ள ஒட்டிக்கும், மிஷின் செத்துரும்." நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம். கொட்டையோடு சீனியையும் சேர்த்துக் கொட்டுகிற பைத்தியம் யார் இருக்கிறார்கள் என்று பஸ்ஸில் அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

சமையலறையில் இருந்த ஒரே பிளக்கில் ஐஸ்பெட்டி மாட்டியிருந்தது. அதனால் மிஷினைப் பின்பக்கத்து அறையில் அம்மாவின் தையல் மேசைமேல் வைத்தோம். எதிர்ச் சுவரில் அம்மாவின் படம். அறைக்குள் போக எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான். அப்பாவும் அதுவரை அந்த அறைக்குள் கால் வைக்காமல்தான் இருந்தார்.

மார்க்கெட்டில் எப்போதும் வாங்குகிற கடையில் முதல் தரமான கொட்டை வாங்கினேன். கறுகறுவென்று பளபளத்தது. கடைக் கோப்பிக் கொட்டை என்றால் பளபளக்கும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் சீனியும் மார்ஜரினும் போட்டுப் புரட்டித்தான் வறுக்கிறார்கள், அந்தப் பளபளப்பே சீனிதான் என்பதை நாங்கள் யோசித்ததே இல்லை. அப்பா பட்டனை அமுக்கினார். மிஷின் கர்ரென்று அரைக்க ஆரம்பித்தது. பிறகு முக்கியது, முனகியது, எரிந்த சீனி நாற்றத்தோடு நின்றுபோனது. எனாமல் கோப்பையில் ஒரு சொட்டு விழவில்லை.

பார்க்க வந்திருந்த அத்தை, "அண்ணிக்குப் புடிக்கல" என்றாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி எதையாவது சொல்லிவைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது சுவரோரம் பை இல்லை. எனாமல் கோப்பையும் இல்லை. நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு விடியலில் வாசம் இன்னும் பலமாக வந்தது. இப்போது கூடத்தில் அப்பாவும் இல்லை, கணவர் இல்லாத நாளில் நான் மட்டும்தான். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. "அவர் அங்க உன்னைத் தேடிக்கிட்டு இருக்காரு, நீ இங்க என்னம்மா பண்ற?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டேன். வாசம் நகரவில்லை.

மிஷினைத் தவுக்கேயிடம் கொண்டுபோனேன். அவர் பின்பக்கத்தைக் கழற்றி, உள்ளே பாகு மாதிரி இறுகியிருந்ததைச் சுரண்டிக் காட்டி, சரிசெய்து கொடுத்தார். சீனி போடாமல் வறுத்த கொட்டைதான் வேண்டும், ஈப்போ முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்றார். அந்தப் பக்கம் லாரியில் போன கணவர், தோட்டத்தில் இறங்கி அப்பாவுக்கு அரிசி கொடுத்துவிட்டு இதையும் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்டுக்கொண்டாராம். பிறகு, "சீனி போடாம வறுக்கிறவ ஒருத்திதான் இருந்தா" என்றாராம்.

உண்மைதான். லயத்துக்குப் பின்னால் நாலைந்து கோப்பிச் செடிகள் இருந்தன. அம்மா அந்தப் பழத்தைப் பறித்துக் காயவைத்து, தோலுரித்து, வெறும் சட்டியில் வறுத்து, உரலில் இடிப்பாள். சீனி வாங்க வக்கில்லாத நாளில் ஆரம்பித்த பழக்கம். ஈப்போவுக்கு வந்தபோதும் அந்தக் கொட்டையை ஒரு மூட்டை கொண்டு வந்தாள், அது தீர்ந்ததும் சாகிறவரை தோட்டத்திலிருந்து ஆள் மூலம் வரவழைத்துக்கொண்டாள். நான்தான் ஃபேக்டரி ஓட்டத்தில் எதையும் கவனிக்காமல் குடித்திருக்கிறேன்.

திதிக்கு முந்தின நாள் அப்பா வந்து நின்றார். மெலிந்திருந்தார், மூச்சு இழுத்தது. தோளில் அரிசிச் சாக்கு, உள்ளே தோலுரித்த கோப்பிக் கொட்டை. செடிகள் புதருக்குள் காடாய் மண்டிக் காய்த்துத் தொங்குகின்றன என்றார்.

"திதிக்குத்தான் வந்தேன். அவளுக்கு ஒரு கோப்பி வச்சிட்டுப் போயிருவேன் பாப்பா. இந்தத் தடவை தடுக்காத."

பையை அவிழ்க்காமலே சுவரோரம் வைத்தார். பிறகு அடுப்படியில் குந்திச் சட்டியைப் போட்டு வறுக்கத் தொடங்கினார். அவர் அடுப்பு முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கொட்டை சிவந்து, வெடித்து, புகை எழும்பியது. விடியற்காலையில் என் தலைமாட்டுக்கு வந்து நிற்குமே, அதே வாசம். கொல்லைக்கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். புகைதான் காரணம் என்று நினைத்த அப்பா சன்னலைத் திறக்கச் சொன்னார்.

மறுநாள் அம்மா படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்துப் படையல் போட்டோம். சோறு, நெத்திலி சம்பல், கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அவளுக்குப் பிடித்த பிஸ்கட். அப்பா கொட்டையைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, பட்டனை அமுக்கினார். மிஷின் கரகரவென்று அரைத்தது, நிற்கவில்லை, கறுப்பாக நுரையோடு இறக்கியது. அப்பா ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அந்த எனாமல் கோப்பையை அப்படியே இலை ஓரத்தில் வைத்தார்.

"இந்தச் சத்தத்துக்கு அண்ணி எப்படி வருவா? பழக்கமில்லாத சாமானு" என்று அத்தை முணுமுணுத்தாள்.

சூடம் காட்டிவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். எங்கள் வழக்கத்தில் இறந்தவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. கதவைச் சாத்திவிட்டு, உள்ளே யாரும் எட்டிப் பார்க்காமல், வாய் பேசாமல் நிற்க வேண்டும். அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். அவர் காலுக்குப் பக்கத்தில் அந்தப் பை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

அப்போது உள்ளே சத்தம் கேட்டது. முதலில் டக்கென்று ஒரு சின்னச் சத்தம். பிறகு நீளமாக உஸ்ஸ்ஸ் என்று. அது அடங்கி, மறுபடியும் டக்.

அத்தை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. சூடேறினால் அந்த மிஷின் தானாகவே ஆவி விடும் என்று தவுக்கே சொல்லியிருந்தார். சுவிட்சை அணைத்தோமா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. அணைக்காமல்தான் வந்திருப்போம். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அவர் வழக்கப்படி கதவைத் தட்டினார். சற்று நின்று, மெல்லத் திறந்து, உள்ளே போனார். நேராக மிஷின் முன்னால் போய் நின்று, பக்கத்தில் யாரோ நிற்க இடம் விட்டதுபோல ஒதுங்கிக்கொண்டார்.

"பயப்படாத புள்ள" என்றார். "சத்தந்தான் போடும், கடிக்காது. நீ வறுக்கிற மாதிரியேதான் வறுத்துப் போட்டிருக்கேன். இங்க பாரு, இந்த வெள்ளைப் பட்டன். ஒரு தடவை அமுக்குனா போதும். அந்தக் குழாயை மட்டும் தொடாத, சுட்டுடும்."

நான் வாசலிலேயே நின்றேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிறைய நேரம் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார், தண்ணீர் எங்கே ஊற்றுவது, கொட்டை தீர்ந்தால் எப்படித் தெரியும், கோப்பை உயரமாக இருந்தால் தட்டை எப்படி உருவுவது என்று. பிறகு இலை ஓரத்தில் ஆறிப்போயிருந்த கோப்பியை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். வெளியே வந்து பையைத் தூக்கினார். அவர் அதை அறைக்குள் கொண்டுபோய்த் தையல் மேசைக்கு அடியில் வைத்து, கைலியை உருவி எடுத்து உதறிக் கொடியில் போட்டார்.

"அவளுக்கு ஒரே நாள்ல வராது" என்றார் என்னிடம்.

அன்று முதல் அவர் பாய் கூடத்திலிருந்து அந்த அறைக்கு மாறியது. மறுநாள் விடியலில் வழக்கம்போல வாசம் வந்தது. நான் போர்வையை இழுக்கவில்லை. எழுந்து, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போய் மிஷினைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பிளக் சுவரிலிருந்து உருவிக் கிடந்தது. அப்பா பாயில் அசையாமல் படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்துத் திரும்பினேன்.

"பாப்பா" என்றார் மெதுவாக. "ஒனக்கும் வருதா?"

"வருதுப்பா."

"ம்" என்றார். நான் விடிகிற வரை அவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.